டேப்லெட்டுக்கு மூலப்பத்திரம்

எங்கள் மடத்தில் வியாழக்கிழமை என்றால் கேள்வி நாள். ஆளுக்கு ஒரு கேள்விதான். இரண்டாவது கேள்விக்கு வாயைத் திறந்தால் வடிவம்மா விசில் ஊதிவிடுவார்.

சிரிக்காதீர்கள். வடிவம்மா எங்கள் குரு. காவி கட்டுவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் ட்ரில் டீச்சர். வயது நாற்பத்தாறுதான். எல்லாவற்றையும் துறந்தவர், கழுத்து விசிலை மட்டும் துறக்கவில்லை. தியானம் தொடங்க ஒரு விசில், முடிய இரண்டு.

நான் ஆவுடையப்பன், இங்கே சமையல்காரன். ஞானத்துக்கும் எனக்கும் ரொம்பத் தூரம். ஆனால் அடுப்படி ஜன்னல் கூடத்தைப் பார்த்து இருக்கிறது. எல்லாம் காதில் விழும், நான் என்ன செய்ய?

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கடையத்துக்கு மேற்கே மலையை ஒட்டி நாலு அறை, ஓடு போட்ட ஒரு கூடம், என் அடுப்படி. அந்த ஓடும் ஒரு இடத்தில் ஒழுகும். மாற்றச் சொல்லி நாலு தடவை சொல்லிவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை ஆலங்குளத்து வாத்தியார் ஒருவர் ஆன்மா எங்கே இருக்கிறது என்று கேட்டார். சுரண்டையிலிருந்து வந்த அம்மாள் மறுபிறவி உண்டா என்று கேட்டார். மூன்றாவதாகக் குத்தாலிங்கம் அண்ணாச்சி எழுந்தார்.

"அம்மா, அந்தப் பழைய டேப்லெட்டை வாங்கலாமா, வேண்டாமா?"

பதினோராவது வியாழக்கிழமை. பதினோரு தடவையும் இதே கேள்வி.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது அறுபத்துநாலு. முப்பத்துநாலு வருஷம் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை. வில்லங்கம் பார்ப்பதுதான் அவர் தொழில். ஒருவர் நிலம் வாங்குவதற்கு முன்னால், அது யார் யார் கைமாறி வந்தது, அடமானம் கிடக்கிறதா, கேஸ் கிடக்கிறதா என்று பழைய பதிவையெல்லாம் புரட்டிப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் பார்த்துக் கொடுத்தால் ஒரு புள்ளி தப்பாது. ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. முதல் நாள் என் இட்லியைக் கையில் எடுத்து, "அரிசி எந்த வயக்காடு?" என்று கேட்டவர் அவர்.

நல்ல மனுஷன்தான். ஆனால் யாரையும் பேசி முடிக்க விடமாட்டார். நீங்கள் ஆரம்பித்தால் மிச்சத்தை அவரே முடித்துவிடுவார். ஒருநாள் நான், "அண்ணாச்சி, உங்க..." என்றேன். "தெரியும்டே. என் பங்கு வடை தீர்ந்துபோச்சு, அதானே? பரவாயில்ல" என்றார். நான் சொல்ல வந்தது, அவருடைய செருப்பை ஒரு நாய் கவ்விக்கொண்டு போகிறது என்று. நாய் போய்விட்டது. செருப்பும் போய்விட்டது.

இனி கூடத்துக்கு வருவோம்.

"டேப்லெட் யாருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார் அம்மா. அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டார்.

"சொர்ணத்துக்கும்மா."

சொர்ணம் அவர் மனைவி. மாசி மாதம் ஒரு காலையில் மாடிப்படி இறங்கி வந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. காது கேட்கும், எல்லாம் புரியும், நாக்குதான் புரளாது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் அண்ணாச்சியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுங்கள். பழசானாலும் பரவாயில்லை. சீட்டில் எழுதியிருக்கிற இந்த ஆப் மட்டும் ஓடினால் போதும். இடது கை விரலால் எழுத்தைத் தொட்டால் அதுவே வாய்விட்டுப் பேசும். சீக்கிரம் பழக்குங்கள். நாள் போகப் போக அவர்களே முயற்சியை விட்டுவிடுவார்கள்.

இப்போது ஆடி மாதம்.

"வீட்டுல கேட்டீங்களா?" என்றார் அம்மா.

"அவளால பேச முடியாதேம்மா. பேச முடியாததுக்குத்தானே டேப்லெட்டே! அவகிட்ட என்னத்தைக் கேக்க?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அடுப்படியில் நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"புதுசா ஒண்ணு வாங்கிட்டுப் போகலாமே?"

"புதுசை எப்படிம்மா நம்ப? அதுக்கு முன்வரலாறே கிடையாது. பழசுன்னா நாலு பேரு அனுபவிச்சிருப்பாங்க, விசாரிச்சுப் பாக்கலாம்."

"விசாரிச்சீங்களா?"

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். தென்காசியில் மைதீன் பாய் கடையில் அந்த டேப்லெட் இருக்கிறது. அண்ணாச்சி முதல் நாளே போய், "மூலப்பத்திரம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். பாய், "ஐயா, இது டேப்லெட்டு, தென்னந்தோப்பு இல்ல" என்று சொல்லியும் விடவில்லை.

"பாய்க்கு வித்தவரு பாவூர்சத்திரத்துல நாதஸ்வரக்காரரு. அவரைப் போய்ப் பாத்தேன். அவருக்கு வித்தது கடையநல்லூர்ல ஒரு டீச்சரம்மா. அவங்களையும் பாத்தேன். அவங்களுக்குத் துபாய்ல இருந்து தம்பி கொண்டுவந்து கொடுத்தது. தானமா கொடுத்தியா, இரவலா கொடுத்தியான்னு தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"போனை வச்சுட்டாரும்மா. அதான் இழுத்துக்கிட்டே போகுது. நாளைக்குத் தம்பியோட வாரிசுங்க வந்து உரிமை கொண்டாடினா?"

"டேப்லெட்டு எப்படி இருக்கு?"

"வலது மூலையில ஒரு கீறல். பின்பக்கம் யாரோ மயில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. ஏழு வருஷத்துப் பழசு. மொத்தம் நாப்பத்தோரு கேள்வி எழுதி வச்சிருக்கேன். முப்பத்தெட்டுக்குப் பதில் வந்துட்டு."

"அந்த ஆப் ஓடுதா?"

அண்ணாச்சி நோட்டைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.

"அது... நாப்பத்தோருல இல்லம்மா."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கரண்டியைக் கீழே போட்டுச் சமாளித்தேன்.

அம்மா அந்த நோட்டை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இந்த அஞ்சு மாசமா அவங்களுக்கு என்ன வேணும்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுதீங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும்மா! முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். இடது கையை மேல காட்டுவா. புழுங்குதுன்னு அர்த்தம். ஃபேனைக் கூட்டி வைப்பேன். மறுபடியும் காட்டுவா. இன்னும் கூட்டுவேன். இப்ப அஞ்சுல ஓடுது, அதுக்கு மேல நம்பர் இல்ல."

"வேற?"

"தலையை இப்படி இப்படி ஆட்டுவா. தலைசுத்தல். மாத்திரை கொடுத்திருவேன்."

இல்லை இல்லை என்று தலையாட்டினால் யாருக்கும் மாத்திரைதான் போலிருக்கிறது.

"எழுத வைக்கலையா?"

"சிலேட்டு கொடுத்தேன். இடது கையால கோணல்மாணலா 'வ'ன்னு ஒரு எழுத்து எழுதினா. பாவம், வலிக்குதுன்னு எழுத வர்றா. அவளை எதுக்குச் சிரமப்படுத்தன்னு சிலேட்டை வாங்கி வச்சுட்டுத் தைலம் தடவிவிட்டேன். 'நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்'னு சொல்லிட்டேன்."

"வேலைக்கு யாரும் வாராங்களா?"

"பேச்சி வாரா. அவளும் எப்பவாச்சும் 'ஐயா, அம்மா என்னமோ...'ன்னு ஆரம்பிப்பா. சம்பளம் கூட்டிக் கேக்கத்தான். கூட்டிக் கொடுத்துட்டேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அண்ணாச்சி அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"ஆனா இப்ப ஒரு வாரமா ரொம்ப நிம்மதியா இருக்காம்மா. கையைத் தூக்குறதே இல்ல. சும்மா சுவரைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கா."

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. கூடத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணாச்சி மட்டும் பதிலுக்காக நோட்டையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குக் காலையில வாங்க," என்றார் அம்மா. "நாள் முழுக்க மௌனம். வலது கையை மடியில வச்சுக்கிடணும், அசைக்கக் கூடாது. இடது கையை மட்டும் தூக்கிக்கிடலாம். என்ன வேணுமோ நாங்க பாத்துக்கிடுதோம். முடிச்சுட்டு உங்க கேள்விக்குப் பதில் சொல்லுதேன்."

அண்ணாச்சிக்கு மகா சந்தோஷம். பதினோரு வாரத்தில் முதல் தடவையாக ஒரு பதில் வரப்போகிறது.

மறுநாள் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. மலையே தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஆடிச் சாரல் என்றால் போர்வைக்குள்ளிருந்து காலை எடுக்க மனசு வராது. அம்மா தன் கையால் ஒரு பெஞ்சை இழுத்துக் கூடத்தில் போட்டார். அண்ணாச்சியை அதில் உட்காரவைத்து விசில் ஊதினார். மௌனம் தொடங்கியது.

பெஞ்சு போட்ட இடம் எது என்று நான் அப்போது கவனிக்கவில்லை.

கால் மணி நேரத்தில் அண்ணாச்சி இடது கையை மேலே தூக்கினார்.

"என்ன அண்ணாச்சி, புழுங்குதா?" என்றார் அம்மா. அவர் குரலில் அவ்வளவு பாசம். "ஆவுடை, அந்த மேசை ஃபேனைக் கொண்டா."

"அம்மா, வெளிய சாரல்..."

"கொண்டா."

கொண்டுவந்து அண்ணாச்சி முகத்துக்கு நேரே வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். ஒழுகுகிற ஓட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார். உச்சந்தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்து, காது வழியாக இறங்கி, சட்டைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் போட்டேன்.

அண்ணாச்சி மறுபடியும் மேலே காட்டினார், இந்தத் தடவை வேகமாக.

"இன்னும் காத்து வேணுமாம். கூட்டி வை."

அண்ணாச்சி தலையை இப்படியும் அப்படியும் பலமாக ஆட்டினார்.

"ஐயோ பாவம், தலை சுத்துது. இஞ்சிச் சாறு கொண்டா."

சாறு உறைப்பு. குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது இஞ்சியாலா, கோபத்தாலா, ஓட்டுத் தண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார். அம்மா தோளைப் பிடித்து மெதுவாக உட்காரவைத்தார்.

"நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம் அண்ணாச்சி. எங்களுக்குத் தெரியும்."

இப்படியே இரண்டு மணி நேரம். பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அண்ணாச்சிக்கு ஒரு யோசனை தோன்றியது. பெஞ்சில் தேங்கியிருந்த தண்ணீரை இடது விரலால் தொட்டு, பலகையில் எழுத ஆரம்பித்தார். 'ம' என்று எழுதினார். மழை என்று எழுதப் போகிறார் என்பது எனக்கே தெரிந்துவிட்டது.

அம்மா துண்டால் பலகையைத் துடைத்துவிட்டார்.

"மலச்சிக்கலா? இதைச் சொல்ல என்ன வெக்கம்? ஆவுடை, விளக்கெண்ணெயை எடு. பெரிய கரண்டியில எடு."

நான் எண்ணெயை ஊற்றிக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். மௌனம் போயே போய்விட்டது.

"அம்மா! ஓடு ஒழுகுதும்மா! ரெண்டு மணி நேரமா என் மண்டையில ஒழுகுது! அதைத்தான் தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொல்லுதேன்!"

அம்மா நிமிர்ந்து ஓட்டைப் பார்த்தார்.

"அப்படியா? முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி."

அண்ணாச்சி ஓட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அப்படியே அந்த ஈரப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். ஃபேன் அவர் முகத்துக்கு நேரே ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல அஞ்சுல ஓடுதும்மா," என்றார் மெதுவாக.

அவ்வளவுதான். எழுந்து ஓடினார். குடையை எடுக்கவில்லை, செருப்பும் போடவில்லை. அவர் சாரலில் ஓடி மறைகிற வரைக்கும் நான் அந்தக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலமே திரும்பி வந்தார். உடை மாற்றவில்லை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ஃபேனை நிறுத்திட்டேன்," என்றார்.

"சரி," என்றார் அம்மா.

"அவ கை பனிக்கட்டி மாதிரி இருந்துச்சும்மா. போர்வை போத்தினேன். இத்தனை நாளும் மேல காட்டினது ஃபேனை நிறுத்தத்தானான்னு கேட்டேன். ஜென்மத்துல முதல் தடவையா அவகிட்ட ஒண்ணு கேட்டுட்டுச் சும்மா நின்னேன். தலையை ஆட்டினா. மாத்திரை கொடுக்கல. இல்லன்னு சொல்லுதான்னு புரிஞ்சுது. அப்புறம் ஒரு வாரமா தூக்காத கையைத் தூக்கினா. மறுபடியும் மேலதான் காட்டினா. ஃபேனைப் பாக்கல, அதுக்கும் மேல."

அம்மா தலை துவட்ட ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"அதுக்கும் மேல என்னம்மா இருக்கு?" என்றார் அண்ணாச்சி. "மேல போயிருதேன்னு சொல்லுதாளோ? என்னைவிட்டு மேல போயிருதேங்காளோ? அதான் சுவரைப் பாத்துப் படுத்துட்டாளோ?"

வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

"உண்மையைச் சொல்லிருதேன். அந்த டேப்லெட்டு நல்லாத்தான் இருக்கு. முதல் நாளே தெரியும். முப்பத்தெட்டு வருஷமா அவ வாயைத் திறந்தா நான்தான் முடிச்சு வைப்பேன். இப்ப அது அவ கையில வந்துட்டா, முதல் வார்த்தை என்ன சொல்லுவாளோன்னு பயம். எந்தப் பத்திரத்தையும் படிச்சிருவேன். இதைப் படிக்கத்தான் பயமா இருக்கு."

அம்மா எழுந்தார். இரண்டு நல்ல வார்த்தை சொல்லித் தேற்றுவார் என்று பார்த்தேன். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

"ஆவுடை, காலையில அண்ணாச்சிகூடக் கடைக்குப் போ. வாங்கிட்டு நேரா வீட்டுக்குப் போங்க. அங்க அண்ணாச்சி வாயைத் திறந்தா ஊது."

பதினெட்டு வருஷத்து விசில். கழுத்தில் தொங்கும்போது எனக்கே கொஞ்சம் ஞானம் வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் தென்காசியில் மைதீன் பாய் எங்களைப் பார்த்ததும் கும்பிட்டார். பயத்தில் கும்பிட்டார்.

"அந்த டேப்லெட்டு இருக்கா பாய்?" என்றார் அண்ணாச்சி.

"எப்படிய்யா போகும்? மூணு பேரு வந்தாங்க. மூணு பேருகிட்டயும் நீங்க 'விசாரணை இன்னும் முடியல'ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டீங்களே."

அண்ணாச்சி பேச்சுப் பயிற்சிப் பெண் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினார். பாய் அந்த ஆப்பை இறக்கிப் போட்டார். எழுத்துப் பலகை ஒன்று வந்தது. பாய் விரலால் சில எழுத்துகளைத் தொட்டு, மேலே இருந்த ஸ்பீக்கர் படத்தை அழுத்தினார். 'வாங்கய்யா' என்றது டேப்லெட். செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல்.

"வாங்கிக்கிடுதேன்," என்றார் அண்ணாச்சி.

"ரசீது?"

"வேண்டாம்."

பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

வீட்டில் சொர்ணத்தம்மா தலையணையில் சாய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி டேப்லெட்டை அவர் மடியில் வைத்து, எழுத்துகளைக் காட்டி, "இதைத் தொட்டா இதுவே..." என்று ஆரம்பித்தார். நான் ஊதினேன். சொர்ணத்தம்மா திரும்பி என்னைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். அண்ணாச்சி வாய் மூடியிருப்பதையும் பார்த்தார். அந்த முகத்தில் என்ன ஓடியது என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

இடது கை விரல் மெதுவாக எழுந்தது. தேடித் தேடி ஓர் எழுத்தைத் தொட்டது.

'ம.'

"மருந்தா? மயக்கமா?" என்றார் அண்ணாச்சி.

ஊதினேன்.

அடுத்த எழுத்துக்கு அரை நிமிஷம். அதற்கு அடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். விரல் நடுங்கும், தப்பான எழுத்தில் விழும், அழிப்பார், மறுபடியும் தேடுவார். அண்ணாச்சி துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது, அந்தக் குளிரில். என்ன வரப்போகிறதோ என்று நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் சொர்ணத்தம்மா அந்த ஸ்பீக்கர் படத்தை அழுத்தினார்.

செய்தி வாசிக்கிற குரல் சொன்னது.

"மாடியில வத்தல் போட்டேன். எடுத்தீங்களா?"

பேச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மாசி மாதம் கூழ்வத்தல் போடுகிற காலம். அன்றைக்குக் காலையில் மொட்டைமாடியில் வத்தல் பிழிந்துவிட்டுத்தான் அவர் படி இறங்கி வந்திருக்கிறார். வந்து விழுந்தார். அன்று மாடிக்கதவைப் பூட்டிய அண்ணாச்சி அப்புறம் திறக்கவே இல்லை. பேச்சிக்கு மூட்டுவலி, படி ஏறமாட்டாள். ஐந்து மாதமாக அந்த அம்மாள் மேலே காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். காத்து வந்தது, மாத்திரை வந்தது, தைலம் வந்தது. வத்தலை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

"அதைத்தாம்யா நான் அன்னைக்கே சொல்ல வந்தேன், அம்மா மாடியைக் காட்டுதாங்கன்னு," என்றாள் பேச்சி. "நீங்க சம்பளத்தைக் கூட்டிட்டீங்க."

அண்ணாச்சி துண்டை எடுத்தார். சிரித்தார். அழுதார். இரண்டும் ஒன்றாக வந்தது. மாடிக்கு ஓடினார். பூட்டு துருப்பிடித்திருந்தது, நான்தான் அம்மிக்குழவியால் தட்டினேன். மேலே நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைத்து ஒரு வேட்டி விரித்துக் கிடந்தது. வெயிலில் வெந்து, சாரலில் நனைந்து, பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. வத்தல் ஒன்றுகூட இல்லை, காக்கா எப்போதோ முடித்துவிட்டது. வேட்டியின் பட்டுக்கரை மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

அண்ணாச்சி குனிந்து கரையைப் பார்த்தார்.

"ஆவுடை, இது எனக்கு ரிட்டயர்மெண்ட் அன்னைக்கு ஆபீஸ்ல கொடுத்த வேட்டி."

அந்த வேட்டியைக் காணோம் என்று இஸ்திரி வண்டிக்காரரிடம் அவர் மூன்று மாதமாக விசாரணை நடத்திக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும்.

வேட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். "ஏன் சொர்ணம், வீட்டுல பழைய வேட்டியே இல்லாமலா..." என்று ஆரம்பித்தார். நான் விசிலை வாயில் வைத்தேன். ஊதத் தேவைப்படவில்லை. சொர்ணத்தம்மா இடது கை விரலைத் தூக்கினார். அண்ணாச்சி அப்படியே நின்றார்.

விரல் மறுபடியும் எழுத்துகளுக்குள் போனது. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாகப் போன மாதிரி எனக்குத் தோன்றியது.

"நான் இன்னும் முடிக்கல," என்றது குரல்.

அண்ணாச்சி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பாசி பிடித்த வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பேச்சியும் என் பின்னாலேயே வந்துவிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை அண்ணாச்சி முதல் ஆளாக வந்தார். நேரே அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். நாலு இட்லி வைத்தேன். அரிசி எந்த வயல் என்று கேட்கவில்லை.

"அப்புறம் என்ன அண்ணாச்சி சொன்னாங்க?" என்று கேட்டேன். எனக்கு ஐந்து நாளாகத் தூக்கம் இல்லை.

"அது பதிவு பண்ணுத விஷயம் இல்லடே," என்றார்.

அம்மா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். அண்ணாச்சி இட்லிக் கையோடு எழுந்து நின்றார். கேள்வி நேரம் இன்னும் தொடங்கவில்லை, ஆனாலும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. அந்த டேப்லெட்டு ரெண்டு மணி நேரத்துல சார்ஜ் இறங்கிருது. அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கு. நேத்துகூடப் பாதியில நின்னுபோச்சு. அதுக்கு மேல என்ன சொல்ல வந்தான்னு நானா முடிக்கவும் மாட்டேன், சார்ஜ் ஏறுத வரைக்கும் உக்காந்திருக்கேன். இதையே வச்சுக்கிடவா? இல்ல, நல்ல பேட்டரியா பாத்து வேற ஒண்ணு வாங்கவா?"

அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"வீட்டுல கேட்டீங்களா?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இரண்டு இட்லியை இலையிலேயே விட்டுவிட்டுக் கை கழுவினார். குடையை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.